சொல்லக் கூடாத பேர்

நர்சு வேலைக்கு வருகிறவளுக்குக் கை நடுங்கினால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், வாய் திறக்காமல் நின்றால் பொறுக்கமாட்டார்கள். கூச்சத்தோடு இந்த வேலை படிக்க வந்து, காலையில் வார்டு வாசலிலேயே தயங்கி நிற்கிற தங்கச்சிமார்களே, என் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

நான் நாஞ்சில் நாட்டுக்காரி. பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள்தான். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தேன். அரிசி மண்டியில் மூட்டை சரிந்து வீட்டுக்காரர் காலில் விழுந்தது. இப்போது கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். அதனால் கைக்குழந்தையை மதினியிடம் விட்டுவிட்டு ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். கொஞ்ச காலம் பார்ப்பார்கள். லாயக்கில்லை என்று வார்டைப் பார்க்கிற பெரிய நர்சு, எங்கள் சிஸ்டருக்குத் தோன்றிவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் எங்கள் அடுப்பு எரியாது. அந்தப் பயம்தான் எனக்கு எந்நேரமும்.

*வெறும் வயிறு*

வலியசாலை அக்ரகாரத்திலிருந்து ஒரு மாமா வயிற்றில் ஆபரேஷனுக்கு வந்திருந்தார். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாந்தி மேலே வந்து மூச்சுக் குழாயில் இறங்கிவிடும், ஆளே போய்விடலாம். நான் அவர் மனைவியிடம் போய், "மாமி, சாப்பிட ஏதாவது கொடுத்தீங்களா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "ஒண்ணுமே குடுக்கல்லைடி குழந்தே" என்றாள் மாமி. சரி என்று வந்துவிட்டேன்.

சிஸ்டர் மலையாளத்துக்காரர். கட்டில் பக்கம் வந்தவர் மூக்கைச் சுளித்து, "காப்பியோ?" என்றார். "ஆமா, காப்பி குடுத்தேன்" என்றாள் மாமி, ஒளிக்காமல். ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப் போயிற்று. சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "சாப்பிட்டோன்னு கேட்டாப் போராது குட்டி. குடிக்கிற வெள்ளமோ, காப்பியோ, தீர்த்தமோ, வெத்திலையோன்னு ஓரோண்ணாக் கேக்கணும்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமிக்கு மட்டும் ஒரு வருத்தமும் இல்லை. "காப்பிகூடக் குடுக்காம அவரைக் கத்திக்கு அனுப்ப நான் என்ன ராட்சசியா?"

*எல்லாத்துக்கும் ஆமா*

அதற்கப்புறம் கேள்வி கேட்பதில் ரொம்பக் கவனமாக இருந்தேன். அதிலும் ஒரு கோளாறு. மருந்து கொடுக்குமுன் ஆள் சரிதானா என்று பார்க்க வேண்டுமல்லவா? சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிற ஒருவரிடம், "நீங்கதானே மாடசாமி?" என்றேன். "ஆமாம்மா" என்றார். பின்னால் நின்ற சிஸ்டர், "நிங்கட பேரென்னா?" என்று அவரிடம் கேட்டார். "சுடலைமுத்து" என்றார்.

பேரை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது, அவர்கள் வாயிலிருந்து வரவேண்டும் என்று அன்றைக்குத்தான் படித்தேன். மருந்துக் கிளாஸைக் கீழே வைத்தேன். "அப்போ ஏன் ஆமான்னு சொன்னீங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் பவ்வியமாகச் சொன்னார்: "வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டுக் கேக்கும்போது இல்லைன்னு சொன்னா மரியாதையாம்மா?"

*சுசீந்திரத்துச் சாமி*

குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். அதற்குள் வார்டுக்கு வெள்ளையடிக்கக் கட்டிலையெல்லாம் இடம் மாற்றியிருந்தார்கள். புது ஆட்கள் வேறு. சிஸ்டர் ஊசித் தட்டை என் கையில் கொடுத்து, "சர்க்கரை நோய்க்காரருக்கு. பேரு கேட்டிட்டுப் போடு" என்று சொல்லிவிட்டு எதிர்வரிசையில் நின்றுகொண்டார். இன்றைக்குத்தான் என் தலைவிதி முடிவாகப்போகிறது என்று தெரிந்துபோயிற்று. தட்டிலிருந்த சீட்டைப் பார்த்தேன். அதில் இருந்தது என் வீட்டுக்காரர் பேர். கல்யாணமானதிலிருந்து நான் வாயால் சொல்லாத பேர்.

அவரே சொல்லட்டும் என்று, சர்க்கரை நோய்க்காரர் கட்டில் எப்போதும் இருக்கும் மூலைக்குப் போனேன். அங்கே படுத்திருந்தவர் காய்ச்சல் மயக்கத்தில் முனகிக்கொண்டிருந்தார், பதில் இல்லை. பக்கத்தில் அவர் மனைவி. "இவுங்க பேரென்னக்கா?" என்றேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் எப்படிச் சொல்லுவேன்? நம்ம சுசீந்திரத்துச் சாமிக்க பேருதான்." அந்தச் சாமி பேரில் எங்கள் ஊரில் தெருவுக்குப் பத்துப் பேர், தாணுவும் உண்டு, தாணுமாலயனும் உண்டு. சர்க்கரை இல்லாதவர் உடம்பில் இந்த ஊசி ஏறினால் நினைவு தப்பிவிடும், உயிருக்கே ஆபத்து. பேரை எடுத்துக் கொடுக்கவும் கூடாது. ஒன்றாய்ச் சொன்னால்தானே எடுத்துக் கொடுத்தது? கலந்து சொல்லிக் கேட்போம் என்று தோன்றியது. சிஸ்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "மாலையப்பனா? தாணுவா? தாணுமாலயனா?" என்று கேட்டேன். வார்டு பூராவும் திரும்பிப் பார்த்தது.

"கடைசியாச் சொன்னது" என்றாள் அவள். சீட்டில் இருந்ததோ தாணு. ஊசியைப் போடாமல் தட்டோடு சிஸ்டரிடம் ஓடினேன். சர்க்கரை நோய்க்காரர் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். பேரைக் கேட்டதும் அவரே கணீரென்று சொன்னார், சீட்டோடு ஒத்துப்போனது. சிஸ்டர் என் முதுகில் தட்டி, "நீ இனி இவிடெத்தன்னே நில்லு மோளே, வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்றார். ஊசியைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். அந்த அக்கா என் காதருகே வந்து மெள்ளக் கேட்டாள்: "இத்தனை ஆம்பிளை பேரையும் கூசாமச் சொல்லுதியே, உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல்லியாம்மா?"

*வீட்டில்*

வேலை நிலைத்த சங்கதியைச் சாயங்காலம் மதினியிடம் சொன்னேன். அதற்காக யார் பேரைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதை ஜாடையாகச் சொன்னேன். மதினி குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, "ஐயையோ, எங்க அண்ணாச்சி ஆயுசு குறைஞ்சிரும்" என்று நெஞ்சில் கை வைத்தாள். எனக்கும் பக்கென்றது. வீட்டுக்காரர் கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்து வந்து என் எதிரே நின்றார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "எங்கே, எனக்கும் கேக்கும்படியா ஒருதரம் சொல்லு பாப்போம்."

ஊரார் புருஷன்மார் பேரெல்லாம் இப்போது வாய் கூசாமல் சொல்லுகிறேன், இவரை மட்டும் இன்றைக்கும் "இந்தாருங்கோ" என்றுதான் கூப்பிடுகிறேன்.