இரண்டாவது கேன்

மெஷினின் சின்னத் திரையில் சிவப்பு எழுத்து ஓடியது: இந்த வேளைக்குப் பால் ஊற்றியாகிவிட்டது. தெலுங்கில் ஓடிய அந்த வாக்கியத்தை எழுதியவள் நான்.

புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பால் சென்டர், காலை ஆறரை மணி. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் தடவையாக லீவில் வந்திருந்தேன். சும்மா வேடிக்கை பார்க்கலாமென்று சின்னம்மாவோடு கிளம்பிப் போனேன். அவர் தன் உறுப்பினர் அட்டையை மெஷினில் தேய்த்து, எருமைப் பாலை ஊற்றி, சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு அதே அட்டையைப் பின்னால் நின்ற பக்கத்து வீட்டு அத்தையிடம் கொடுத்தார். அத்தை தேய்த்ததும் மெஷின் கீச்சிட்டது.

"ஒப்புக்கோது அக்கா, ஏத்துக்க மாட்டேன்னுது, நான் இன்னா பண்றது?" என்றார் சென்டர்காரர். "பத்து நாளா இதே பாட்டுதான். மிஷினுக்கு மூள வெச்சிட்டாங்களாம் திருப்பதில."

"வெச்சவங்க ஊட்டுப் பாலு தெனமும் திரிஞ்சி போவ," என்றது வரிசையில் ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் வாயில் கசக்கிறது.

பக்கத்து வீட்டு அத்தைக்குத் தனி அட்டை கிடையாது. அட்டைக்கு இந்த மாநிலத்து ரேஷன் கார்டு கேட்கிறார்கள். அத்தையின் பெயரோ எல்லைக்கு அந்தப் பக்கம், காட்பாடிக்கருகே அம்மா வீட்டுக் கார்டிலேயே தங்கிவிட்டது. அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம்: அட்டை இருக்கிறவர் முதலில் ஊற்றுவார், இல்லாதவர் அதே அட்டையில் அடுத்து ஊற்றுவார். இரண்டு பாலையும் கலக்கமாட்டார்கள். எருமைப் பால் வேறு, பசும்பால் வேறு. தனித்தனிச் சீட்டு வந்தால்தான் அவரவர் மாட்டுக்கு மரியாதை.

இது எனக்குத் தெரியாதா? ஹாஸ்டலிலிருந்து பள்ளிக்கூட லீவுக்கு வரும்போதெல்லாம் அந்த இரண்டாவது கேனைத் தூக்கிக்கொண்டு போனவளே நான்தான். தூக்குக் கம்பி அழுத்திய விரல் மடிப்புகூட ஞாபகம் இருக்கிறது. திருப்பதியில் நாற்காலியில் உட்கார்ந்ததும் எப்படி மறந்துபோனேன்?

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு டிராவல்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. பால் சென்டர்களுக்கு சாஃப்ட்வேர் செய்துகொடுத்தோம். அங்கே வேலை பார்த்த எல்லாருக்கும் ஒரு கால் பெங்களூர் பஸ்ஸில். நான் டெஸ்டர். பால் கம்பெனி எழுதிக் கொடுத்த காகிதத்தில் ஒன்று இருக்கும், திரையில் இன்னொன்று நடக்கும். அந்த வித்தியாசத்தைப் பிடித்துப் பதிவதுதான் வேலை. யார் அதிகம் பிடித்தார்களோ அவர்தான் அந்த மாதத்து ராணி. நான் மூன்று மாதம் ராணியாக இருந்தேன்.

காகிதத்தில், 'ஓர் உறுப்பினர், ஒரு வேளை, ஒரு முறை' என்றிருந்தது. ஒரே அட்டையை இரண்டு தடவை தேய்த்துப் பார்த்தேன். மெஷின் மறுபேச்சில்லாமல் இரண்டு சீட்டு கொடுத்தது. துள்ளினேன். மிகக் கடுமையான பிழை என்று பதிந்தேன்.

புரோகிராம் எழுதும் அண்ணன் தலையைச் சொறிந்தார். "ஏம்மா, இத யாராவது தப்புன்னு சொன்னாங்களா? சென்டருக்கு ஒரு போன் போட்டுக் கேளேன். ஏதாவது காரணம் இருக்கப்போவுது."

"காயிதத்துல இருக்குதுண்ணா. கேக்கறதுக்கு இன்னா இருக்குது?" என்றேன்.

போன் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மாதக் கடைசி, ராணிக் கணக்கு முடிகிற நேரம் என்று அதை எடுக்கவில்லை. அவர் இரண்டாவது தடவை தேய்க்கும் வழியை அடைத்தார்; திரையில் வரவேண்டிய வாக்கியத்தை நானே அழகாக எழுதிக் கொடுத்தேன். பெங்களூர் இன்டர்வியூவில், "நீங்கள் பிடித்ததில் பெரிய பிழை எது?" என்று கேட்டார்கள். இதைத்தான் சொன்னேன். அந்த வாரமே வேலை கிடைத்தது. அந்த மாற்றம் எங்கள் ஊர் மெஷினுக்கு இப்போதுதான் வந்துசேர்ந்திருக்கிறது.

சென்டரிலிருந்து திரும்பும்போது அத்தை கேனைச் சாய்க்காமல் பார்த்துப் பார்த்து நடந்தார். டீக்கடைக்காரர் பாதிதான் வாங்குகிறாராம்.

"எம் பால்ல சேத்து ஊத்துடீன்னா கேக்கமாட்டேன்றா," என்றார் சின்னம்மா என்னிடம்.

"ஒம்பாலக் கெடுக்கணும்னு எனக்கு இன்னாக்கா தலையெழுத்து? புதங்கெழம சந்தைக்கு ஓட்டிக்கினு போயிடறேன். தீனி துன்னுக்கினு சும்மா நிக்கற மாட்ட எத்தினி நாளு பாக்கறது?" அத்தை என் பக்கம் திரும்பினார். "நீ கம்பூட்டர்லதான கீற கண்ணு? இத யாருகிட்ட கேக்கணும்?"

"விசாரிக்கிறேன் அத்த" என்றேன். விசாரிக்கிறேனாம்.

வீட்டுக்கு வந்து சின்னம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம்? அவகிட்ட போய்ச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

மத்தியானம் முழுக்க யோசித்தேன். நாங்கள் பிழைப் படிவத்தில் எத்தனையோ கட்டங்கள் நிரப்புகிறோம்: எந்தத் திரை, எந்தப் பொத்தான், எவ்வளவு கடுமை. 'இதை அடைத்தால் யாருடைய வேலை நிற்கும்?' என்று ஒரு கட்டம் கிடையாது. இருந்தால் அதை நிரப்ப போனை எடுத்தே ஆகவேண்டும். போன் போதாதென்றால் விடியற்காலையில் போய் அந்த வரிசையில் நின்றே ஆகவேண்டும். எங்கள் சம்பளம் பால் கம்பெனி தரும் பணத்திலிருந்து வருகிறது என்பதால் அந்தக் கம்பெனியின் காகிதத்தையே வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொண்டோம். நிஜமாக அந்த மெஷினுக்கு முன்னால் நிற்பவர் கேனோடு நிற்கிறார். அவருக்காகத்தான் சோதிக்கிறோம் என்றால், பிழைகளை எண்ணி ராணிப் பட்டம் கொடுப்பதை முதலில் நிறுத்தவேண்டும். நான் சொல்வது யார் காதில் ஏறும்? பட்டம் வாங்கியவளே சொன்னால் ஒருவேளை ஏறலாம்.

இன்று சனிக்கிழமை. சாயங்காலம் அத்தை மாடு கறக்கும் நேரத்துக்கு அங்கே போவேன். அந்த வாக்கியம் யாருடையது என்பதைச் சொல்வேன். அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன். அந்த உரிமை எனக்கில்லை. இன்னும் ஒரு சந்தை பொறுக்கமுடியுமா என்று மட்டும் கேட்பேன். திங்கட்கிழமை காலை பெங்களூர் பஸ்ஸை விட்டுவிட்டு ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று திருப்பதி பஸ் ஏறுவேன். அந்த அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறார். நான் பதிந்த பிழையை என் பெயரிலேயே மறுபடி திறக்கச் சொல்லி, கடுமை என்ற கட்டத்துக்குக் கீழே அத்தையின் கேனைப் பற்றி எழுதிக் கொடுப்பேன். பால் கம்பெனி ஆளிடம் பேச இந்தத் தடவை போனை நானே எடுப்பேன்.