மஞ்சுக்கன்று எழுதிய கோகிலவாணி

நாவல் எழுதுகிறவர் என்றால் மேசை, மூக்குக்கண்ணாடி, ஆறிப்போன காப்பி என்று நமக்கெல்லாம் ஒரு நினைப்பு இருக்கிறதல்லவா? அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள். கீழ் கோத்தகிரிப் பக்கம் பனிச்சோலை தேயிலை எஸ்டேட்டில், ஃபாக்டரி மேல்மாடியில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற வேலை பார்த்த கோகிலவாணிதான் நாவலாசிரியை. அதுவும் பிள்ளைகளுக்கான மாயக்கதை! தானே எழுதி, தானே காசு போட்டு அச்சடித்து, தானே சுமந்து போய் விற்றாள். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு நெஞ்சழுத்தக்காரி அந்த மலையில் இன்னொருத்தி கிடையாது.

ஏழு வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் அவளுடையது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கதை மட்டும் நிற்கவில்லை. தேயிலைச் சரிவில் விடிகாலை மூடுபனியில் பிறந்த கன்றுக்குட்டி ஒன்று, உடம்பெல்லாம் பனியே. அதை யாருக்கும் தெரியாமல் வளர்க்கிறாள் செம்பி என்ற சிறுமி, எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடுகளான லயத்துக்காரி. ‘மஞ்சுக்கன்று’ என்று தலைப்பு வைத்துச் சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்பினாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதையெல்லாம் படிப்பதில்லை என்று பதில் வந்தது. எந்தப் பிள்ளையைக் கேட்டுச் சொன்னாராம் அந்த மகராசன்? பனிச்சோலை லயத்தில் வந்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் சேதி.

கோகிலவாணி நேரே கோத்தகிரிக்குப் போய், அச்சகம் வைத்திருந்த கோயம்புத்தூர்க்காரர் லிங்கசாமியின் முன்னால் நின்றாள்.

“ஏனுங்க அம்மணி, கல்யாணப் பத்திரிகைன்னா சொல்லுங்க, நாளைக்கே அடிச்சுத் தர்றேன். கதைப் புஸ்தகத்த யாருங்க வாங்குவாங்க?” என்றார் அவர்.

“நான் வாங்குவேங்க. மொத்தத்தையும்.”

லிங்கசாமி சிரித்துவிட்டார். அச்சும் அடித்தார். ஞாயிற்றுக்கிழமை சந்தையிலும் பள்ளிக்கூட வாசலிலும் நின்று விற்றாள். லயத்துப் பிள்ளைகள் ஒரு புத்தகத்தை ஏழெட்டுப் பேராகப் படித்து அட்டையைக் கிழித்தார்கள். அடுத்து அதே மாதிரி அச்சடித்த இரண்டாம் பாகத்தில் வெயில்ராஜா மலையைப் பிடித்துக்கொண்டு செம்பியின் சனங்களைத் துரத்துகிறான். அதோடு கதையை நிறுத்தினாளே பாருங்கள், பிள்ளைகள் அவளை வழியில் நடக்க விடவில்லை. “மஞ்சுக்கன்னு என்னாச்சுக்கா? சொல்லுக்கா!” மூன்றாம் பாகம் வரட்டும் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

அதற்குள் தேயிலை விழுந்தது. இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டி, கொழுந்தை வாங்க ஆள் இல்லை, வாங்கினாலும் விலை இல்லை. ஃபாக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடி, பிறகு ஒரேயடியாக நின்றது. சனங்கள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்பினார்கள். அந்த மே மாதம் ஐந்து குடும்பம் சேர்ந்து ஒரு லாரி பேசியிருந்தது, வருகிற ஞாயிறு காலை புறப்பாடு. கோகிலவாணியின் வாசகர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த லாரியில்தான் போகிறார்கள். லாரி கிளம்புவதற்குள் மூன்றாம் பாகம் அவர்கள் கையில் இருந்தாக வேண்டும். போன பிறகு எந்தச் சந்தில் தேடிக் கொடுப்பது? அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

லிங்கசாமி அடித்துக் கொடுத்துவிட்டார். ஆனால் அவரிடம் புத்தகம் தைக்கிற ஆளும் கீழே திருப்பூருக்குப் போய்விட்டான். பதினாறு பக்கத்தை ஒரே தாளில் அடித்து மடித்தால் அதற்குப் பாரம் என்று பேர். ஐந்து பாரத்தை வரிசையாக அடுக்கித் தைத்தால் அவள் புத்தகம். தைப்பதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று பாரங்களை ஜீப்பில் ஏற்றிவந்தாள். பாழாய்ப்போன கோடை மழை வழியிலேயே பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் ஒழுகி, அத்தனையும் ஈரம்.

ஃபாக்டரி பொறுப்பில் இருந்த டீமேக்கர் ஜெகதீசன் நல்ல மனுஷர். “ஒரே ஒரு ஃபேன் போட்டுக்கம்மா. தொரை காதுக்குப் போகக் கூடாது” என்றார். அடியிலிருந்து ஃபேன் காற்று வீசிக் கொழுந்தை வாட்டுகிற நீளமான வலைத்தொட்டியில், ஒன்றாம் பாரம் ஒரு பக்கம், இரண்டாம் பாரம் அடுத்து என்று வரிசை கலையாமல் பரப்பிவிட்டு, தைக்க நூல் வாங்கக் கடைக்குப் போனாள். இருபது வருஷம் அதே தொட்டியில் அவளோடு வேலை பார்த்த மூக்கம்மா காவலுக்கு இருந்தாள்.

திரும்பி வந்து பார்த்தால், தலையில் இடி விழுந்தது போல் ஆனது. மூக்கம்மா இரண்டு கையாலும் பாரங்களை அள்ளி, உதறி, மேலது கீழாகப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். கொழுந்தை அப்படித்தானே புரட்டுவார்கள்? முதல் பாரமும் கடைசிப் பாரமும் கட்டிப் புரண்டு கிடந்தன.

“ஐயோ அக்கா! என்ன காரியம் செஞ்ச!”

“என்னா புள்ள, பொரட்டாட்டி அடி எப்படிக் காயும்?” என்றாள் மூக்கம்மா, மூச்சு வாங்கியபடி. அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

லயத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, பக்க எண் பார்த்துப் பிரிக்கச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் மாடியே சத்தமில்லாமல் போனது. எட்டிப் பார்த்தால் ஒன்றுகூடப் பிரிக்கவில்லை, அத்தனையும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறது! தவமணி என்ற பதினொரு வயதுக்காரி கையில் கடைசிப் பாரம். அவள் முகம் மட்டும் உம்மென்று இருந்தது.

“அடுக்கச் சொன்னா படிக்கிறியாடி? அதுவும் முடிவ?”

“இது நல்லால்லக்கா.”

கோகிலவாணிக்குச் சுருக்கென்றது. அந்த முடிவை அழுதுகொண்டே எழுதியிருந்தாள். சனங்கள் சமவெளியில் பல காலம் கழித்து மலைக்குத் திரும்பி வருகிறார்கள். மஞ்சுக்கன்று அதே சரிவில் காத்துக்கொண்டிருக்கிறது.

“ஏன்டி, திரும்பி வர்றாங்கல்ல?”

“யாருக்கா திரும்பி வந்தா? போன வருஷம் போனவங்க யாராச்சும் வந்தாங்களா? அதுபாட்டுக்கு ஒத்தையில நின்னுக்கிட்டே கெடக்கும், பாவம்.” தவமணி கையிலிருந்த பாரத்தைக் கீழே வைத்தாள். “அதுவும் கூட வரட்டும்.”

“அது பனிடி கண்ணு. கீழ வெயில்ல கரைஞ்சு போயிருமே.”

“நீதானக்கா எழுதுற? கரையாம எழுது.”

திரும்பிப் போவோம், திரும்பிப் போவோம் என்று இலங்கையை நினைத்துச் சொல்லிச் சொல்லியே செத்தவர் கோகிலவாணியின் அப்பா. யாரும் போகவில்லை. அதெல்லாம் தெரிந்தும் பிள்ளைகளிடம் அதே பொய்யை அச்சடித்து நீட்டியிருக்கிறோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

“உங்கம்மாவுக்கு அங்க என்ன வேலையாம்?” என்று கேட்டாள்.

“பனியனுக்கு அயர்ன் போடுறதாம். மேசையிலேர்ந்து ஆவியா அடிக்குமாம்.”

அவ்வளவுதான். கோகிலவாணி எழுந்துவிட்டாள். கடைசிப் பாரங்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி ஒதுக்கினாள். காசு கொடுத்து அடித்த தாள்! மனசு கேட்குமா யாருக்காவது? அவளுக்குக் கேட்டது. அத்தனையும் அட்டை ஒட்டப் பசை காய்ச்சுகிற அடுப்புக்குப் போயின. கோத்தகிரிக்குப் போய் மறுபடி அச்சடிக்க நேரமில்லை. எஸ்டேட் ஆபீஸில் கையால் சுற்றி நகலெடுக்கிற பழைய சைக்ளோஸ்டைல் மெஷின் கிடந்தது, ஃபாக்டரி மூடல் என்று சனங்களுக்கு நோட்டீஸ் அடித்ததும் அதே மெஷின்தான். ஜெகதீசன் முணுமுணுத்துக்கொண்டே பூட்டைத் திறந்துவிட்டார். மெழுகுத்தாளில் எழுத்தாணியால் கோகிலவாணி நேராகவே எழுதினாள். அடித்தல் திருத்தலுக்கு அதில் இடமில்லை. மூக்கம்மா கைப்பிடியைச் சுற்றினாள். தவமணி தாளை எடுத்து எடுத்து அடுக்கினாள்.

புது முடிவில் மஞ்சுக்கன்று சனங்களோடு மலை இறங்குகிறது. பகலில் மெலிந்து போகிறது. செம்பியின் அம்மா அயர்ன் போடும்போது எழுகிற ஆவியைக் குடித்துக் குடித்துத் தேறுகிறது. சாயங்காலம் பிள்ளைகளின் கழுத்தில் சில்லென்று வந்து படுத்துக்கொள்கிறது. வெயில்ராஜாவுக்கு அது இருக்கிற இடமே தெரிவதில்லை.

ஞாயிறு காலைக்குள் லாரிப் பிள்ளைகளின் புத்தகங்களை மட்டும் தைத்து முடித்தார்கள். நாலு பாரம் பளிச்சென்ற அச்சு, கடைசிப் பாரம் மை தீற்றிய கையெழுத்து. அண்டா குண்டா, பாய், கோழிக்கூடை எல்லாம் ஏற்றியாயிற்று. பிள்ளைகள் ஏறினதும் ஏறாததுமாகக் கடைசிப் பாரத்தைச் சத்தமாகப் படிக்கத் தொடங்கின. பெரியவர்களும் லாரிக்குக் கயிறு கட்டுவதை விட்டுவிட்டுக் கேட்டார்கள். கோகிலவாணி கீழே நின்று, பக்கத்தில் இருந்த மூக்கம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக ஏறிய தவமணியின் அம்மா, கையில் இருந்த துணிமூட்டையை ஓரத்தில் தெரிந்த இடைவெளியில் வைக்கப் போனாள்.

“அங்க வைக்காதம்மா!” என்று அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தின.

அவள் வெறும் பலகையைப் பார்த்தாள். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாள். மூட்டையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஒடுங்கி உட்கார்ந்து, திருப்பூர் வரைக்கும் அப்படியே போனாள்.