பிஷப் பங்களாவின் அன்னாசிப்பழம்

ரங்கூனில் ஒரு பிஷப் பங்களா இருந்தது. கீழே செங்கல், மேலே தேக்கு. கவனிக்க ஆளில்லாமல் கூரை ஒழுகி, கடைசியில் பிரித்து விற்றார்கள். இன்று அங்கே கார்கள் நிற்கின்றன. வாசல் கதவு மட்டும் அதே ஊரில் லான்மடா பேட்டையில், என் மனைவியின் தம்பி வீட்டில் நிற்கிறது. என் வயிற்றெரிச்சலின் வரலாறு அங்கே தொடங்குகிறது.

கதவை வாங்கியவர் என் மாமனார். வீட்டு வாசல் குள்ளம் என்பதால் மேற்பகுதியை அறுத்துவிட்டு மாட்டினார். கதவு மகனுக்கு. அறுத்த துண்டு, சீர்ப் பாத்திரங்களோடு மகளுக்கு. நான் அதில் கைப்பிடி அடித்துத் தண்ணீர் டிரம்முக்கு மூடியாக்கினேன். அடிப்பக்கம் ஏதோ அன்னாசிப்பழம் செதுக்கியிருந்தது.

மச்சான் வீட்டிலோ வெள்ளிதோறும் கதவுக்கு மஞ்சள், குங்குமம். வருகிறவர்களிடமெல்லாம், "பிஷப் தொட்ட கதவு" என்பான். எனக்குக் காய்ச்சல் வரும்.

போன மாதம், பழைய கட்டடங்களைப் பற்றிப் புத்தகம் எழுதும் ஒரு சயாமா, காலேஜ் டீச்சர், கதவைப் படமெடுக்க வந்தார். நானும் போய் நின்றேன், புது லோஞ்சி கட்டிக்கொண்டு. புத்தகத்தில் ஒரு மூலையிலாவது என் முகம் வராதா?

"மச்சான், ஓரமா நில்லுங்க. நிழல் விழுது," என்றான் என் மச்சான்.

சயாமா கதவைத் தடவினார். "மேல்பகுதி எங்கே? அதில்தான் பிஷப்பின் தொப்பி இருக்கும்." போனில் பழைய படத்தைக் காட்டினார். உயரமாய், கட்டம் கட்டமாய், உச்சியில் கூராய்.

என் அன்னாசிப்பழம்!

டாக்சியில் பறந்தேன். "டிரம்மை எதை வெச்சுங்க மூடுறது? கொசு வருமே!" என்று மனைவி கத்தக் கத்த, மூடியோடு திரும்பினேன். தொப்பியின் நடுவே என் ஆணிகள் துருத்திக்கொண்டிருந்தன. சயாமா ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார்.

துண்டைக் கதவின் மேல் வைத்துப் பிடிக்க ஆள் வேண்டுமாம். "என் துண்டு, நானே பிடிக்கிறேன்!" திறந்த கதவுக்குப் பின்னால் ஸ்டூலில் ஏறினேன். முகத்துக்கு நேரே தொப்பி. சிரித்தும் வைத்தேன்.

படத்தைப் பார்த்தோம். கதவு, பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய மச்சான், மேலே தொப்பி. அதன் இரண்டு ஓரத்திலும் என் விரல்கள்.

"விரல் நல்லா விழுந்திருக்கு மச்சான்," என்றான். பிறகு தொப்பியையே பார்த்துக்கொண்டு, குரலை இறக்கி, "அது இங்கேயே இருக்கட்டுமே. ஜோடி சேர்ந்துடும்."

அந்தக் காய்ச்சல் எனக்குத் தெரியாதா?

"டிரம்முல கொசு முட்டை போடும்டா," என்றேன். பஸ்ஸில் வீடுவரை மடியிலேயே வைத்திருந்தேன், ஆணி குத்தக் குத்த.