வல்லின ற போட்ட குரல்

என் தங்கை கணவருக்கு எங்கள் குடும்பத்தில் கத்தரி என்று பெயர். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறார். மிச்ச நேரமெல்லாம், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதல்லவா, அதில் வெட்டுகிற வேலை. சம்பளம் கிடையாது. எவனாவது தன் மாமனாரை மாபெரும் விஞ்ஞானி என்று எழுதிவைத்தால், அதன் தலையில் ‘சான்று தேவை’ என்று ஒட்டுவார். சான்று வராவிட்டால் கட்டுரையே காலி. பிறந்தபோது இவர் அழவில்லையாம், மருத்துவச்சியிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்டாராம். நான் பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரிதான் சொல்கிறேன்.

தங்கை பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். அவள் தொண்டையைக் கனைத்தால் புறப்பட்ட வண்டிகூட இரண்டடி பின்னால் வரும். போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். அதன் பிறகு மனிதர் அழவுமில்லை, மெலியவுமில்லை. தட்டு வைத்தால் சாப்பிட்டார், வைக்காவிட்டால் கேட்கவில்லை. பேருந்து நிலையத்தை மட்டும் தவிர்த்து, வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனார். கேட்டதற்கு, நடப்பது உடம்புக்கு நல்லது என்றார்.

மகள் சும்மா இருக்கவில்லை. அம்மாவைப் பற்றி அந்தக் களஞ்சியத்தில் ஒரு கட்டுரை போட்டாள். மறுநாளே வேறொரு கத்தரி, ‘குறிப்பிடத்தக்கவர் அல்லர், நீக்கலாமா?’ என்று விவாதத்துக்கு வைத்துவிட்டது. அப்பா ஒரு வார்த்தை எழுதினால் அம்மா தங்குவாள் என்று மகள் கெஞ்சினாள். சான்று கொண்டுவா என்றார் அப்பா.

கொண்டுவந்தாள். உள்ளூர் நாளிதழில் ஒரு பெட்டிச் செய்தி, ‘பேருந்து நிலையத்தின் இனிய குறல்’ என்று தலைப்பு. வாங்கிப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

“இது செல்லாதும்மா.”

“பேப்பர்லயே வந்திருக்குப்பா. இதுக்கு மேல என்ன வேணும்?”

“குரலுக்கு நீ கட்டுரையில வல்லின ற போட்டிருந்த. அவங்களும் அதையே போட்டிருக்காங்க. உன்னப் பார்த்து எழுதினதுதான் இது. உனக்கு நீயே சாட்சி சொல்ல முடியுமா?”

“அப்ப அம்மா பொய்யா?”

“பொய்னு நான் சொல்லல.”

கட்டுரையைத் திறந்து றகரத்தை ரகரமாக்கினார். விவாதத்தில், தான் இவருடைய கணவன் என்றும், செய்தி இந்தக் கட்டுரையிலிருந்தே எடுக்கப்பட்டது என்றும் எழுதினார். கட்டுரை போயிற்று. மகள் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். அதுவும் அவருக்கு உறைத்த மாதிரி தெரியவில்லை.

பிறகு குழாய் பதிக்க, அவர் சுற்றிப்போகிற அந்தத் தெருவைத் தோண்டிப்போட்டார்கள். வேறு வழியில்லாமல் நிலையத்துக்குள் நுழைந்தார். ஒலிபெருக்கியில் தங்கை பேசிக்கொண்டிருந்தாள். பழைய பதிவை யாரும் மாற்றவில்லை. ‘ஏழாம் எண் பேருந்து மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படும்.’ ஏழாம் எண் வண்டியோ ஐந்தாவதில் நின்றது. மூன்றாவதில் பை மூட்டைகளோடு சனங்கள் காத்திருந்தார்கள்.

பிழையைக் கண்டால் கை அரிக்கிற மனிதர். நேரே நேரக் காப்பாளரின் சன்னலுக்குப் போனார்.

“என்ன சார், அறிவிப்புல தப்பா?” என்றார் நேரக் காப்பாளர். “யாராச்சும் ஒருத்தர் புகார் எழுதிக் குடுத்தா போதும். இந்தப் பதிவ அழிச்சிட்டு வேற குரல் போட்டுடுவோம்.” காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார்.

கத்தரி பேனாவைக் கையில் வாங்கினார். பிறகு திருப்பி வைத்தார்.

“தப்பு ஒண்ணுமில்ல. மணி பார்க்க வந்தேன்.”

மூன்றாவது நடைமேடைக்கு நடந்தார். பையோடு நின்றவர்களிடம் ஒவ்வொருவராகப் போய், வண்டி ஐந்தாவதில் நிற்கிறது என்று சொன்னார். தெருவை மூடிச் சரிசெய்த பிறகும் தினமும் கடைக்குப் போகிற வழியில் இதே வேலை. கேள்விப்பட்ட மகள் ஒருநாள் தூணோரம் நின்று பார்த்தாளாம். அப்பா முகத்தில் வழக்கம்போல் ஒன்றுமில்லை. ஒரு பெரியவர் மட்டும் நகர மறுத்துவிட்டார்.

“மைக்ல மூணாவதுன்னுதானே சொல்றாங்க? நீங்க சொல்றதுக்கு என்னய்யா ஆதாரம்?”

“அவங்க சொல்றது சரிதான்,” என்றார் கத்தரி. “வண்டிதான் இடம் மாறி நிக்குது.”