ஒரு மாதம் ஆறவேண்டிய சோப்பு

கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால் வரிசையாகச் சோப்புகள் தெரியும். பிளாஸ்டிக் குழாயை அச்சாக வைத்து ஊற்றி, இறுகியதும் வெளியே தள்ளி, வட்டம் வட்டமாக அறுத்தவை. அண்ணன் வேலை பார்த்த அச்சகத்தின் கழிவுத் தாள்கள்தான் அவற்றுக்கு விரிப்பு. “ஒரு மாசத்துக்கு இதை யாரும் தொடப்படாது” என்று என்னிடமும் அண்ணனிடமும் மதினி சொல்லியிருந்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் திருத்தங்கலில் நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மதினி கல்யாணத்துக்கு முன் பட்டாசுக் கம்பெனிக்குப் போனவர். மருந்துத் தூசியால் இளைப்பு வந்து நின்றுவிட்டார். மறுபடி அங்கே போக நேரக்கூடாது என்றுதான் விருதுநகருக்குப் போய், மகளிர் குழுப் பயிற்சியில் சோப்பு செய்யக் கற்றுவந்தார்.

தேங்காய் எண்ணெயில் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றிக் கை ஓயும்வரை கிண்டுவார். எதுவும் அவர் நினைத்தபடி வராது. மஞ்சள்தூள் போட்டால் குங்குமமாகச் சிவக்கும். மேலே பதித்த ரோஜா இதழ்கள் நாலே நாளில் கருகினாற்போல் ஆகிவிடும். பூக்களோடு மல்லுக்கட்டிச் சலித்து, கடைசியில் பாதி இறுகிய சோப்பின் மேல் ஊக்கால் கோலம் கீறினார். ஒவ்வொன்றிலும் ஒரு கோலம். அதைப் பார்த்துத்தான் அடுத்த தெரு டீச்சர் தன் மகள் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஆர்டர் சொன்னார். மதினியின் முதல் ஆர்டர் அது.

அந்த ஆர்டருக்கான சோப்புகளைச் செய்து பத்து நாள்கூட ஆகாதபோது, அண்ணன் ஒரு பை நிறைய அவற்றை அச்சகத்துக்கு எடுத்துப்போனார். அங்கே எல்லாரும் மண்ணெண்ணெயால் மை துடைத்துத் துடைத்துக் கை வெடித்திருப்பவர்கள். சோப்பு பட்டதும் காந்தல் எடுத்திருக்கிறது. ஒருவருக்கு உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது.

“யாரைக் கேட்டு எடுத்தீக?” என்றார் மதினி.

“கல்லு மாதிரித்தான இருந்துச்சு. நாலு பேருக்குக் குடுத்தா வெளம்பரம் ஆகும்ல.”

“இறுகுனா ஆச்சா? உள்ள காரம் அடங்க வேணாமா?”

“என் வீட்டுல எடுக்க நான் யாரைக் கேக்கணும்?” என்று அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அச்சகத்து விஷயம் காதில் விழுந்து, இரண்டு நாளில் டீச்சர் வந்தார். மதினி போன மாதம் செய்து நன்றாக ஆறிய சோப்பு ஒன்றை எடுத்து, அவர் கண்முன்னேயே முகம் கழுவிக் காட்டினார். நுரை வழிய, கண்ணை மூடிக்கொண்டு, “பாருங்க டீச்சர், ஒண்ணும் செய்யலைல்ல” என்றார். டீச்சர் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் என்னைப் பார்த்தார். “நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா பிள்ளைகளும் தேய்க்கும். எனக்குப் பயமா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் தீபாவளிச் சீசனுக்கே மதினி பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறினார். போன இளைப்பு திரும்ப வந்தது. பிறகு அது அவரைவிட்டுப் போகவே இல்லை. அண்ணன் ஒரு வார்த்தை வருத்தப்பட்டதாக எனக்கு நினைவில்லை. எத்தனையோ முறை அவரிடம் அதைக் கேட்க வாயெடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மதினி கண்ணாலேயே அடக்கிவிடுவார்.

சமீபத்தில் ஒரு கல்யாணத்தில் தாம்பூலப் பைக்குள் கையால் செய்த சோப்பு இருந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்த அண்ணன் அதைப் பக்கத்து இலைக்காரரிடம் காட்டினார். “இதெல்லாம் எங்க வீட்டுல அப்பவே செஞ்சாச்சு. இந்நேரம் பெரிய கம்பெனி ஆயிருக்கும். இவளுக்குத்தான் பொறுமை பத்தல.”

மதினி இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“ஆமா. ஒரு மாசம் பொறுக்க முடியலைல்ல” என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

அதுதான் அவர் சொன்ன ஒரே பதில். அண்ணன் சிரித்தபடி தலையாட்டிவிட்டு, மோர் கொண்டுவந்தவரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.