மூன்றாவது முடிச்சு

படகோட்டியை ஊரில் எல்லோரும் ‘தட்டுக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்கூபா டைவிங் கடை ஒன்றின் படகு அவர் பொறுப்பில் இருந்தது. விடிந்ததும் தனியாக, டைவிங் நடக்கும் பாறை வரை போய், வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளை எனாமல் தட்டைக் கல்லோடு சேர்த்துக் கயிற்றில் கட்டி இறக்குவார். கயிற்றில் வரிசையாக முடிச்சுகள். ஐந்தாவது முடிச்சு முங்கும்வரை தட்டு தெரிந்தால் அன்று ஆட்களைக் கடலுக்குள் இறக்கலாம். அதற்குள் மறைந்தால் கடைக்கு லீவு.

மழை ஓய்ந்து காற்று அடங்கினால் கடல் தெளியும், அதுதான் சீசன். காற்று திசை மாறினால் வண்டல் கிளம்பிவிடும், சீசன் காலி. அதை அறிவிப்பதும் இவர்தான். போன வருஷம் மனிதர் அவசரப்பட்டு, “முடிஞ்சுபோச்சு, கடையைச் சாத்துங்க” என்று சொல்லித் தொலைத்தார். மறுநாளே கடல் பளிச்சென்று தெளிந்தது. பக்கத்துக் கடைகளில் கூட்டம் நெரிந்தது. “தட்டுக்காரருக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா!” என்று கரையே சிரித்தது. இவரும் கூடச் சேர்ந்து சிரித்து மழுப்பினார். உள்ளுக்குள் குத்தாமலா இருக்கும்?

இந்த வருஷமும் காற்று மாறியது. அன்று காலை தட்டு மூன்றாவது முடிச்சிலேயே மறைந்தது. மறுபடி இழுத்து மறுபடி இறக்கினார். மூன்றுதான். கரைக்குத் திரும்பியபோது வெளியூர்த் தம்பதி உடை மாட்டித் தயாராக நின்றார்கள். அவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போக வேண்டியவன் மச்சினன், மனைவியின் ஒரே தம்பி.

“எப்படி மாமா இருக்கு?”

“அஞ்சு மாப்ள. தாராளமா போலாம்.”

இன்னொரு தடவை கேலிக்கு ஆளாகக் கூடாது என்பதைத் தவிர அவர் மனசில் அப்போது வேறொன்றும் இல்லை.

கலங்கலில் அந்தப் பெண் வழி தவறினாள். பயந்துபோய் அவளாகவே மேலேறி, படகுக்கு வெகு தூரத்தில் கையை ஆட்டினாள்; அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது தெரியாத மச்சினன் புருஷனை மேலே அனுப்பிவிட்டு, சிலிண்டரில் காற்று தீரும்வரை அடியில் அவளைத் தேடினான். பிறகு வேறு வழியில்லாமல் ஒரே மூச்சில் மேலே வந்தான். அவ்வளவு வேகமாக ஏறினால் ரத்தத்தில் குமிழி கட்டிக்கொள்ளும். இடது கால் மரத்துப்போனது. தட்டுக்காரர்தான் குதித்து அவனைப் படகில் தூக்கிப்போட்டார். ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்தார்கள். காலை இழுத்து இழுத்து நடக்கிறான். இனி கடலில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“இவர் மட்டும் குதிச்சுத் தூக்கலேன்னா என் தம்பி இல்ல” என்று மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். எல்லோரும் கடலைத் திட்டும்போது கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தார். தன்னை நினைத்தால் தனக்கே அருவருப்பாக இருந்தது. மச்சினனிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்து, “கால் வலி எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அடுத்த சீசன் தொடங்கிய அன்று விடியற்காலையில் அவரால் தாங்க முடியவில்லை. கடையின் பின்னறையில் மச்சினன் சிலிண்டர்களுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். இப்போது அவனுக்கு அதுதான் வேலை.

“மாப்ள, அன்னிக்குத் தட்டு மூணுலயே மறைஞ்சுடுச்சு. நான்தான் அஞ்சுன்னு பொய் சொன்னேன்.”

மச்சினன் மெஷினை நிறுத்தினான்.

“தெரியும் மாமா.”

“தெரியுமா?”

“தண்ணியில தலைய விட்டதுமே தெரிஞ்சுது. உடனே மேல வந்து, திரும்பிடலாம்னு சொல்லியிருக்கலாம்.”

“சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா!”

“அதுக்கு முந்தின வருஷம் பூரா உங்களை என்ன பாடு படுத்துனாங்க! வெளியாளுங்க முன்னாடி, எங்க மாமா சொன்னது தப்புன்னு நானே எப்படிச் சொல்றது?”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

மச்சினன் இடது காலைக் கையால் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டு மெஷினை மறுபடி போட்டான்.

“எந்திரிங்க மாமா, போய்த் தட்டை இறக்கிப் பாருங்க” என்றான் சத்தத்துக்கு நடுவே. “நீங்க வந்து சொன்னாத்தானே ஆளுங்களை அனுப்ப முடியும்.”