மேற்குச் சுவரின் பதினொரு சதுரங்கள்

அந்தப் புறநகரில் தேவாலயத்துக்கு வழி கேட்டால், "அந்த குடோனா?" என்பார்கள். எழுபது வருடத்துக்கு முன் கட்டியது. பூச்சில்லாத சிமெண்ட் சுவர், காகிதத்தை மடித்து வைத்தது போன்ற கூரை, கோபுரம் என்று பேருக்குக்கூட எதுவும் கிடையாது. அதை அழகு என்று மனதார நம்பியவர் ஒரே ஆள்தான், சாவிக்காரர். திறப்பது, பூட்டுவது, பெருக்குவது, மணி அடிப்பது எல்லாம் அவர். பின்னாலுள்ள ஒற்றை அறையில் மனைவியோடு முப்பது வருடமாகக் குடியிருக்கிறார்.

இப்போது அதை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட ஒரு நிறுவனம் இடத்தைக் கேட்கிறது. பாரம்பரியக் கட்டடம் என்று அரசு அறிவித்தால் யாரும் தொட முடியாது. அதற்குச் சபையார் மேற்குச் சுவரைத்தான் மலைபோல் நம்பியிருந்தார்கள். சிமெண்ட் சட்டத்தில் பதித்த இருநூற்றுப் பதினாறு வண்ணக் கண்ணாடிச் சதுரங்கள். "அத்தனையும் அசல்" என்று சபைச் செயலாளர் மனுவில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து சாவிக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பந்தும் புயலும் உடைத்த பதினொரு இடங்களில் அவர்தான் சாதாரணக் கண்ணாடியைப் பதித்திருந்தார். எனாமல் பெயிண்ட் அடித்தது மனைவி. வேலை போய்விடும் என்று பயந்து யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் சாயங்கால வெயிலில் அசல் கண்ணாடி தரையில் நிறத்தைக் கொட்டும். பெயிண்ட் அடித்தது நிழலைத்தான் போடும். அதனால், கட்டடத்தைப் பார்க்க வரும் அரசுப் பெண் ஆய்வாளரைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். பெரிய சாமர்த்தியசாலிதான்.

அந்த அம்மா வந்தது நாலு மணிக்கு.

கூரையை அளந்தார், சிமெண்ட் வார்த்தபோது பலகைத் தடம் பதிந்த சுவரைத் தடவிப் பார்த்தார், படம் எடுத்தார். வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. சாவிக்காரர், வெளியே போய் டீ குடிக்கலாமா என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். பெஞ்சுகளுக்கு நடுவே சிவப்பும் நீலமும் பரவியதும், ஒரு கறுப்புக் கட்டத்தின்மேல் போய் நின்றுகொண்டார். மனைவி கதவருகே நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆய்வாளர் தரையைப் பார்த்து எண்ண ஆரம்பித்தார்.

"பத்து எடத்துல நெறம் விழலையே, ஏன்?"

சாவிக்காரர் தன் காலடியிலிருந்த கறுப்புக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு ஓரடி நகர்ந்தார்.

"பதினொண்ணும்மா. நான்தான் மாத்தினேன். செயலாளருக்குத் தெரியாது."

ஆய்வாளர் மனுவை எடுத்து, "அத்தனையும் அசல்" என்ற வரியை அடித்தார். முப்பது வருடம் காத்த கட்டடத்தைத் தன் வாயாலேயே இடித்துவிட்டதாக நினைத்து, சாவிக்காரர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"இருநூத்தி அஞ்சு அசல்னு எழுதுறேன்," என்றார் ஆய்வாளர். "எழுபது வருஷத்துல ஒண்ணுகூட உடையலைன்னா யாரு நம்புவா? நீங்க நகந்து நின்னதாலதான் மீதியை நம்புறேன்."

முடிவு வர மூன்று மாதமாகும் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். அவர் தலை மறைந்த சற்று நேரத்தில், மேற்குச் சுவரில் பந்து ஒன்று டொம்மென்று மோதியது. கணவனும் மனைவியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்து தரையில் நிறம் விழாத கட்டங்களை எண்ணினார்கள்.

பதினொன்றுதான்.